வெளுத்த பிளக்

லவோன் ரைஸ்னருக்குக் கோபமே வராது என்று அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். அது சுத்தப் பொய். கோபம் அவளுக்கு வந்துகொண்டேதான் இருந்தது, காதில் வாங்கத்தான் ஆளில்லை. பொருட்காட்சி மைதானத்து ஒலிபெருக்கிக்காரன் அவள் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள், அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

ஓஹையோவின் மேற்கு ஓரத்தில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். பன்றிக்கொட்டகை வாடை காற்றில் அசையாமல் கிடக்கும். ஆண்களுக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். வீட்டுப் புல் வெட்டுகிற குட்டி டிராக்டரைப் பிரித்து, அதன் ஒற்றை சிலிண்டர் இன்ஜினுக்கு முறுக்கேற்றி, களிமண் தடத்தில் சறுக்குவண்டி இழுக்க விடுவார்கள். சறுக்குவண்டி பொல்லாதது. இழுக்க இழுக்க அதன் முதுகில் இருக்கும் இரும்புப் பெட்டி முன்னால் நகர்ந்து வந்து பாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். கிளம்பும்போது எல்லா இன்ஜினும் சூரன்தான். பாதித் தடத்துக்கு மேலேதான் எதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று வெளுக்கும்.

போட்டிக்கு வரும் ஒவ்வொரு டிராக்டருக்கும் ஓர் அட்டை உண்டு. ஓட்டுபவர் பெயர் ஒன்று, இன்ஜின் கட்டியவர் பெயர் ஒன்று. ரைஸ்னர் வீட்டு அட்டையில் இத்தனை வருஷமாக இரண்டு இடத்திலும் அவள் புருஷன் கிளீட்டஸ் பெயர்தான் இருந்தது. கிளீட்டஸ் தானியக் கிடங்கில் லாரி எடைபோடுகிறவன். நல்ல ஓட்டுநர், பாரத்துக்குத் தகுந்த மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்து உட்காரத் தெரிந்தவன். ஆனால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைக் கேட்டால் மனைவியைத்தான் திரும்பிப் பார்ப்பான். டவுனில் லேத் பட்டறையில் இருபது வருஷமாக இரும்பு கடைகிறவள் அவள். முந்தின இரண்டு இன்ஜினையும் கட்டியது அவள் கைதான். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிளீட்டஸ் ஒருநாள் தானாகச் சொல்வான் என்று காத்திருந்தாள். அவனுக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரு பன்றிக்கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய இன்ஜினைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாள். பழைய வார்ப்பு, சுவர் கனம். பட்டறை முதலாளியிடம் கேட்டு, வேலை நேரம் முடிந்த பிறகு அதன் பிஸ்டன் ஓடும் துளையைக் கடைந்தாள். விதி அனுமதித்த அளவின் விளிம்புக்கு ஒரு தலைமுடி உள்ளேயே நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு தலைமுடி எடுக்க அவளுக்குக் கை இல்லாமல் இல்லை, மனம் இல்லை.

ஜனவரியில் கொட்டகைக்குள் ஸ்பானரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. அதனால் இன்ஜின் சமையலறை மேசைக்கு வந்துவிட்டது. அடுப்பில் பன்றித்தொடை எலும்பு போட்ட பீன்ஸ் சூப் கொதிக்கும். இந்தப் பக்கம் லவோன் வால்வின் தலையில் நறநறவென்ற தேய்ப்புப் பசையைத் தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே அதைப் பிடித்த குச்சியை உருட்டி உருட்டித் தேய்ப்பாள். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஓர் ஒழுங்கான வளையம் விழுகிற வரை தேய்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த நாத்தனார், தட்டை இன்ஜினுக்கு இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கம் வைப்பதா என்று கேட்டாள். கிளீட்டஸ் விளக்குப் பிடித்தான், காபி போட்டுக் கொடுத்தான், கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் மாதம் வீட்டுப் பாதையில் பெரிய சிமென்ட் கட்டையைக் கட்டி அவளே இழுத்துப் பார்த்தாள். முழு வேகத்தில் இருக்கும்போது சட்டென்று அணைத்து, பொறி தட்டுகிற ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பாள். இன்ஜின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று பிளக்கின் நுனி சொல்லிவிடும். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே காந்துகிறது. நன்றாக வெந்த ரொட்டியின் மேல்தோல் நிறம் வர வேண்டும். அந்த நிறம் வரும்வரை கார்புரேட்டரின் திருகை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி இழுப்பாள். வந்த அன்றைக்கு அந்தப் பிளக்கை அடுப்படி ஜன்னலில் நிறுத்திவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

அட்டையில் இரண்டாவது இடத்தில் தன் பெயரை அவளே எழுதினாள். கிளீட்டஸ் பார்த்தான். “எழுதறியா?” என்று மட்டும் கேட்டான். எழுதுகிறேன் என்றாள். சரி என்று தலையாட்டினான்.

போட்டி அன்று மழை வருவதுபோல் வானம் கனத்து, சட்டை முதுகில் ஒட்டியது. பலகை இருக்கை போட்ட காலரி நிறைய ஜனம். கிளீட்டஸ் டிராக்டரைச் சறுக்குவண்டிச் சங்கிலிக்குப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு வரும்போது ஒலிபெருக்கிக்காரன் அட்டையைப் படித்தான். ஓட்டுபவர் கிளீட்டஸ் ரைஸ்னர். இன்ஜின் கட்டியவர்… அங்கே நிறுத்தினான். மறுபடி பார்த்தான். “லவோன் ரைஸ்னர்னு போட்டிருக்கு. வீட்டம்மா துடைச்சுக் குடுத்திருப்பாங்க, அதையும் கணக்குல சேத்துட்டாரு போல” என்றான். காலரி சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல முடியாது. பாப்கார்ன் மென்றுகொண்டே சும்மா சிரித்தார்கள். அந்தச் சும்மாதான் லவோனுக்கு எரிந்தது. கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டு சங்கிலி மாட்டுவதையே பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லை கையை உயர்த்தி ஒரு சைகை செய்திருக்கலாம்.

தடத்தின் கோடியில் வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். இன்ஜின் கிளம்பியது. வீட்டில் கேட்ட சத்தத்தைவிட இன்று ஒரு கூர்மை இருந்தது, துணியைக் கிழிப்பதுபோல. கூட்டத்துக்கு நடுவில் கேட்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், பெருமையாகவும் இருந்தது. சறுக்குவண்டிப் பெட்டி முன்னால் ஏறியது, மற்ற வண்டிகள் முனகி நின்ற இடத்தை இது முனகாமல் கடந்தது, அதுவரை முதலில் இருந்த நார்பர்ட் வெல்லிங் எட்டிய தூரத்துக்குத் தடத்தோரத்தில் நட்டிருந்த குச்சிக்கொடியையும் கடந்துபோய் நின்றது. காலரி எழுந்தது. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நார்பர்ட் பல வருஷமாக அந்தப் பிரிவில் முதலில் வருகிறவன், தன் இன்ஜினைத் தானே கட்டுகிறவன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதே பிரிவில் இழுத்தவன் எவனும் ஜெயித்த இன்ஜின்மேல் புகார் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் மாட்டுக்கண்காட்சிக் கொட்டகையில், எல்லார் கண்ணெதிரிலும், கட்டியவரே அதைத் திறந்து காட்ட வேண்டும். திறக்க மாட்டேன் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. நார்பர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக வந்தான். வந்து நின்றது கிளீட்டஸ் முன்னால்.

“கோவிச்சுக்காதப்பா. பிரிச்சுப் பாக்கணும்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்லு நார்பர்ட்” என்றாள் லவோன். “கட்டுனது நான்.”

“நீ கட்டுனதுனாலதாம்மா கேக்கறேன். ராத்திரி பகலா நாங்க வேலை பாத்தும் வராத இழுவை, மொத இன்ஜின்லயே உனக்கு எப்பிடி வந்துச்சு?”

“மொத இன்ஜின்னு யாரு சொன்னா உனக்கு?”

நார்பர்ட் கிளீட்டஸைப் பார்த்தான். கிளீட்டஸ் தன் பூட்ஸைப் பார்த்தான். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, களிமண்தான்.

நார்பர்ட் நகர்ந்ததும் கிளீட்டஸ் அவள் முழங்கையைத் தொட்டான். “விட்டுரலாம் லவோன். கோப்பையை அவனே வச்சுக்கட்டும். வீட்டுக்குப் போலாம் வா.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் வேறொருவனாக இருந்தால் ஓடியிருப்பான். “எதுக்கு விடணும்? நாம என்ன திருடிட்டா வந்திருக்கோம்? அவன் சிரிச்சான், இவன் புகார் எழுதறான், நீ வீட்டுக்குப் போலாங்கற. ஒரு ஆளாவது இன்னிக்கு என் பக்கம் நிக்கக் கூடாதா?”

கிளீட்டஸ் தொப்பியை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். கோபத்தில் கண் தெரியவில்லை.

கொட்டகையில் வைக்கோலை ஒதுக்கி டிராக்டரை நிறுத்தி, பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். சோதனை செய்கிறவர் லினஸ், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், பொறுமைசாலி. ஆனால் அன்று அவருக்குச் சமையல்கூடத்தில் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை தீர்ந்துவிடும் என்ற கவலை. இன்ஜினில் இன்னும் கை வைக்க முடியாது, அதற்குள் அளவுக்கருவியை எடுத்துவிட்டார். லவோன் மேசைக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

“சூட்டுல இரும்பு விரியும் லினஸ். நான் விட்டிருக்கறதே ஒரு தலைமுடிதான். இப்ப அளந்தா அளவு தாண்டிருச்சுன்னு எழுதுவீங்க. எழுதிட்டுப் பை சாப்பிடப் போயிருவீங்க. நான் ஊர் முழுக்கத் திருடியாத் திரியணும்.”

“போன வருஷமெல்லாம் இப்பிடித்தானேம்மா அளந்தோம்?”

“போன வருஷமெல்லாம் தப்பா அளந்திருக்கீங்க.”

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நார்பர்ட்தான் சிரிக்காமல், அவள் சொல்வது சரி, ஆறட்டும் என்றான். புகார் கொடுத்தவனே சொன்னபிறகு லினஸுக்கு வழியில்லை. இன்ஜின் ஆறியது. ஜனங்கள் உள்ளங்கையைவிட அகலமான பன்றிக்கறி சாண்ட்விச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் வாங்கிக்கொண்டு வந்து சுற்றி நின்று தின்றார்கள். தகரக் கூரையில் மழை நாலு தூறல் போட்டு நின்றது. லவோன் மேசையைவிட்டு அசையவில்லை.

ஆறியதும் லினஸ் ஸ்பானரை எடுத்துப் பழக்கதோஷத்தில் கிளீட்டஸிடம் நீட்டினார். அவன் வாங்கி அவளிடம் கொடுத்தான். அவள் முதலில் பிளக்கைக் கழற்றினாள்.

நுனி வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு மாதிரி.

ஒரு நிமிஷம் அவளுக்குக் கொட்டகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் வைத்துவிட்டு வந்த நிறம் அதுவல்ல. கார்புரேட்டர் திருகைப் பார்த்தாள், அவள் போட்ட சிவப்பு மைக்கோட்டில் இம்மியும் நகராமல் இருந்தது. அப்படியென்றால் மாறியது டாங்கில் ஊற்றிய சரக்கு. அந்தக் கூர்மையான சத்தம் ஞாபகம் வந்தது. ‘விட்டுரலாம்’ என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. பிளக்கை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். மறு கையால் இன்ஜின் மேல்மூடியான ஹெட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

லினஸ் துளையை அளந்தார், விதிக்குள் இருந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், விதிக்குள். வால்வு தூக்கும் உயரம், விதிக்குள். ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னார். சொல்லச் சொல்லக் கூட்டத்தின் முகம் மாறியது. நார்பர்ட் குனிந்து அந்தத் துளைச் சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தான். “சுத்தமான வேலை” என்றான், யாரிடமும் சொல்லாதவன்போல். வருஷக்கணக்காக அவள் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்கக் கூடாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

இனிப் பெட்ரோல் ஒன்றுதான் பாக்கி என்றார் லினஸ். அது வெறும் சடங்கு, அந்தப் பிரிவில் யாரும் மாட்டியதில்லை. பெட்ரோலில் கலப்படம் இருந்தால் காட்டிவிடும், முள் வைத்த சின்னப் பெட்டியை எடுத்தார். லவோன் கிளீட்டஸைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். அவன் சொல்வான் என்று ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். இத்தனை வருஷம் காத்திருந்ததுபோலத்தான் இதுவும் ஆயிற்று.

உள்ளங்கையைத் திறந்து பிளக்கை மேசைமேல் வைத்தாள்.

“பெட்டி வேண்டாம் லினஸ். இது நான் வச்ச நெறமில்ல. பெட்ரோல்ல என்னமோ கலந்திருக்கு.”

லினஸுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கருவியை டாங்கில் விட்டார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

“என்ன ஊத்துன?” என்றாள்.

கிளீட்டஸ் சொன்னான். பந்தயக் கார்க்காரர்கள் வாங்கும் கடையில், இழுவையைக் கூட்டப் பெட்ரோலில் கலக்கும் திரவம் ஒரு டப்பா. கிடங்கில் ஒருவன் சொன்னான். கொஞ்சம்தான் ஊற்றினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது: ஓட்டியவர் கிளீட்டஸ் ரைஸ்னர், இன்ஜின் கட்டியவர் லவோன் ரைஸ்னர், தகுதி நீக்கம். இந்தத் தடவை ஒலிபெருக்கிக்காரன் நிறுத்தவில்லை, கிண்டல் பண்ணவில்லை. அவள் பெயரைத் திருத்தமாக வாசித்தான். குற்றம் என்று வந்ததும் அவள்தான் கட்டினாள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

அவர்களுடைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் கிளீட்டஸ் அவளிடம் பேச வந்தான். “உனக்காகத்தான் லவோன். அட்டைல உன் பேரு இருந்துச்சு. அத்தன பேர் முன்னாடி தோத்துட்டா நீ தாங்க மாட்டியேன்னு…”

“தோத்தா தோத்துட்டுப் போறேன். எந்த இடம் சரியில்லன்னு பாத்து அடுத்த வருஷம் சரி பண்ணுவேன். அது என் தோல்வியா இருந்திருக்கும். இப்ப இது யாருது? சொல்லு. இதை நான் எங்க வச்சுக்கறது?”

“தப்புத்தான்.”

“குளிர்காலம் பூரா பக்கத்துல விளக்குப் பிடிச்சியே. என்னதான் பாத்த நீ?”

நார்பர்ட் அவளைச் சந்தேகப்பட்டான், இன்ஜினுக்கு இருக்க வேண்டியதற்கு மேல் பலம் இருக்கிறது என்று. கட்டின புருஷன் சந்தேகப்பட்டது அதற்குப் பலம் போதாது என்று. இரண்டில் எது பெரிய அவமானம் என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்தாள். கருவிப்பெட்டியில் எப்போதும் ஹெட்டுக்கு அடியில் போட ஒரு புதுக் கேஸ்கெட் வைத்திருப்பாள். அதைப் போட்டு ஹெட்டை மூடி, போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கினாள். டாங்கைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவினாள், கார்புரேட்டரையும் வடித்தாள். புதுப் பிளக் மாட்டினாள். பிறகு காலி டாங்கைத் தூக்கிக்கொண்டு நார்பர்ட் வண்டிக்குப் போனாள்.

“உன் கேன்லேருந்து பெட்ரோல் குடு.”

நார்பர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “கணக்குல சேராதும்மா. உன் பேரை அடிச்சாச்சு.”

“கணக்குக்காகக் கேக்கல.”

கேனை எடுத்துத் தன் கையாலேயே ஊற்றினான்.

சறுக்குவண்டிக்காரர் ஹாலிஸ் எல்லாவற்றையும் கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். போட்டி முடிந்து, தடத்தைச் சமன் செய்து உருட்டிவிட்டு, சறுக்குவண்டியை லாரியில் ஏற்ற இருந்தார். லவோன் கேட்டதும், ஏற்றுவதற்கு முன்னால் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப்போகத்தான் வேண்டும், எந்த வண்டி இழுக்கிறது என்று தனக்கு அக்கறையில்லை என்றார். பாரத்தைப் போட்டியில் வைத்த அளவுக்கே வைத்தார். லினஸ் தடத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பை சாப்பிடப் போனார்.

கிளீட்டஸ் இருக்கையில் ஏறப் போனான். “எறங்கு” என்றாள். அவனைவிட அவள் எடை குறைவு, டிராக்டரும் ஆளும் சேர்ந்த எடை மாறக் கூடாது. முன்பக்கத்தில் இரும்புத் தட்டுகளை மாட்டி, நார்பர்ட்டைக் கூப்பிட்டு எடைமேடையில் சரிபார்க்கச் சொன்னாள். அவன் பார்த்துத் தலையாட்டினான்.

சூரியன் சோளக்காட்டுக்குள் பாதி இறங்கியிருந்தது. காலரியில் மிச்சமிருந்தவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் நின்றார்கள். ஒலிபெருக்கி அணைந்திருந்தது, பெயர் சொல்ல ஆளில்லை. அவள் நெம்புகோலைத் தள்ளினாள். இன்ஜின் குரல் எடுத்தது. ஜூன் மாதம் வீட்டுப் பாதையில் கேட்ட அதே குரல், கனமாக, கிழியாமல். பாதித் தடம் தாண்டியது. பெட்டி முன்னால் ஏற ஏற முன்சக்கரங்கள் மண்ணைவிட்டு எழும்பின, அவள் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் தாழ்ந்தது, தாழ்ந்துகொண்டே இழுத்தது, இழுத்து இழுத்து, சக்கரம் இரண்டு சுற்று வீணாகச் சுற்றி நின்றது.

இறங்கி நடந்து போய்ப் பார்த்தாள். சறுக்குவண்டியின் மூக்கு நார்பர்ட்டின் குச்சிக்கொடியை இரண்டு எட்டு தாண்டிக் கிடந்தது. அதற்கு முன்னால், உருளை தொடாத தடத்தோரக் களிமண்ணில் ஒரு சின்னக் குழி, கிளீட்டஸின் கொடியைப் பிடுங்கிய இடம். லவோன் ஈரமண்ணில் மண்டியிட்டாள். முழங்கையைச் சறுக்குவண்டி மூக்கில் வைத்துக் கையை நீட்டினாள். விரல் நுனி குழியைத் தொட்டது.

கிளீட்டஸ் வந்து பக்கத்தில் நின்றான்.

“ஒரு முழம்” என்றாள். “இந்த ஒரு முழத்துக்காகவா கிளீட்டஸ்?”

அவன் குழியையே பார்த்தான். பிறகு ரொம்ப மெதுவாக, “நீ ஜெயிச்சிருப்ப லவோன்” என்றான்.

“எனக்குத் தெரியும். இந்த மைதானத்துல அது தெரியாத ஒரே ஆளு நீதான். நார்பர்ட்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு, அதனாலதான் எழுதிக் குடுத்தான்.”

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். டிராக்டரைச் சங்கிலியிலிருந்து விடுவித்து, பிளக்கைக் கழற்றிக் கடைசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெந்த ரொட்டி நிறம். துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிளக் இல்லாத டிராக்டரை இனித் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். கிளீட்டஸ் வழக்கம்போல் குனிந்து முன்பக்கத்தைப் பிடித்தான்.

“கையை எடு” என்றாள் லவோன். பிறகு வேலிப்பக்கம் திரும்பினாள். “நார்பர்ட், கொஞ்சம் வந்து ஒரு கை பிடி.”